கல்லூரி வாழ்வும் விளையாட்டுத் திடலும்



கல்லூரி என்றவுடன் வகுப்பறையும் நூலகமும் ஆய்வுக்கூடமும் நினைவுக்கு வருகின்றன. விளையாட்டுத் திடல் அவற்றுக்குப் பின்னரே நினைவுக்கு வருகிறது. பாடம் முடிந்த பின் மாலையில், விருப்பமுள்ள சிலர் சென்று வரும் இடம் அது என்ற எண்ணம் பலரிடமும் உண்டு. இவ்வெண்ணம் தானாகத் தோன்றியதன்று. நாட்டில் பல்கலைக் கழகங்கள் உருவான விதத்திலேயே அதன் வேர் இருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் முதல் முப்பது ஆண்டுகளில் கல்லூரி மாணவர் எவ்வாறு வாழ்ந்தனர், எவ்வாறு விளையாடினர் என்பதைப் பார்த்தால், அன்று எவ்வளவு சாதிக்கப்பட்டது என்பதும், எது தீராத கடனாக இன்றளவும் நிற்கிறது என்பதும் விளங்கும்.

தேர்வு நடத்தப் பிறந்தவை

கல்கத்தா, பம்பாய், சென்னைப் பல்கலைக் கழகங்கள் மூன்றும் 1857-ஆம் ஆண்டில் நிறுவப்பட்டன. அவை கற்பிக்கும் நிறுவனங்களாக அல்ல, தேர்வு நடத்திப் பட்டம் வழங்கும் நிறுவனங்களாகவே தொடங்கின. மாணவன் எங்கே தங்குகிறான், என்ன உண்கிறான், அவன் உடல் எந்நிலையில் உள்ளது என்பவை பல்கலைக் கழகத்தின் கவலையாக இருக்கவில்லை. பட்டம் பெற்றவனுக்கு அரசுப் பணி கிடைக்கும். ஆகவே தேர்வுக்கு வேண்டிய பாடமே கல்வி என்று பெற்றோரும் மாணவரும் எண்ணினர்.

இந்த எண்ணம் பள்ளிப் பருவத்திலேயே வேரூன்றியது. காந்தியடிகள் ராஜ்கோட்டில் உயர்நிலைப் பள்ளியில் பயின்றபோது, தலைமையாசிரியர் உடற்பயிற்சியையும் கிரிக்கெட்டையும் மேல்வகுப்பு மாணவர்களுக்குக் கட்டாயமாக்கினார். காந்தியடிகளுக்கு இரண்டிலும் நாட்டமில்லை. உடற்பயிற்சிக்கும் கல்விக்கும் தொடர்பில்லை என்று அந்நாளில் தாம் கருதியது தவறு என்றும், மனப்பயிற்சிக்குள்ள இடம் உடற்பயிற்சிக்கும் பாடத்திட்டத்தில் இருக்க வேண்டும் என்றும் அவர் பிற்காலத்தில் தம் சுயசரிதையில் எழுதினார். ஒரு தலைமுறையின் மனப்பான்மையை அவர் கருத்திலிருந்து அறியலாம்.

அலிகாரில் ஒரு மாற்று வழி

இதற்கு மாறான ஒரு முயற்சி வட இந்தியாவில் நடைபெற்றது. சர் சையது அகமது கான் அலிகாரில் நிறுவிய முகம்மதிய ஆங்கிலோ-ஓரியண்டல் கல்லூரி, மாணவர் உடன் தங்கிப் பயிலும் கல்லூரியாகத் திட்டமிடப்பட்டது. ஒரே வளாகத்தில் உறைவிடமும் உணவுக்கூடமும் தொழுகையிடமும் விளையாட்டுத் திடலும் அமைந்தன. 1878-இல் அங்கு கிரிக்கெட் கழகம் தொடங்கப்பட்டது. அதைத் தொடங்கி வைத்தவர் கணிதம் கற்பித்த ராம சங்கர் மிஸ்ரா என்பது குறிப்பிடத்தக்கது. 1883-இல் முதல்வராகப் பொறுப்பேற்ற தியோடோர் பெக் கேம்பிரிட்ஜில் பயின்றவர். அவர் காலத்தில் சொற்போர் மன்றமும் விளையாட்டுக் கழகமும் கல்லூரி வாழ்வின் இரு தூண்களாயின.

ஆங்கிலேய ஆசிரியர்கள் எதிர்பார்த்தது ஒன்று, விளைந்தது வேறொன்று. திடலில் பழகும் ஒழுங்கும் தலைவனுக்குப் பணிதலும் ஆட்சிக்கு நம்பிக்கையான அலுவலர்களை உருவாக்கும் என்பது அவர்கள் கணக்கு. ஆனால் அக்கல்லூரியின் கிரிக்கெட் அணிக்குத் தலைமை தாங்கிய மாணவர்களுள் ஒருவரான ஷௌகத் அலி, பல ஆண்டுகள் அரசுப் பணியில் இருந்துவிட்டு, பின்னர் கிலாபத் இயக்கத்தின் முன்னணித் தலைவர்களுள் ஒருவரானார். அணியை நடத்தக் கற்றவர் மக்களையும் திரட்டக் கற்றிருந்தார். அக்கல்லூரி 1920-இல் பல்கலைக் கழகமாக உயர்ந்தது.

கல்கத்தாவின் மைதானம்

கல்கத்தாவின் நிலை வேறு. அந்நகரின் கல்லூரிகளுள் பல, வடபகுதியின் நெருக்கமான தெருக்களில் அமைந்திருந்தன. சொந்தத் திடல் இருந்த கல்லூரிகள் மிகச் சில. வில்லியம் கோட்டையைச் சுற்றி விரிந்து கிடந்த மைதானமே இளைஞர்களின் விளையாட்டுத் திடலாயிற்று. 1877-இல் ஹேர் பள்ளியில் பயின்ற நாகேந்திர பிரசாத் சர்வாதிகாரி தம் தோழர்களைத் திரட்டிக் கால்பந்து ஆடத் தொடங்கினார். மாநிலக் கல்லூரியின் ஆங்கிலேயப் பேராசிரியர் ஒருவர் அவர்களுக்கு ஆட்டத்தின் முறைகளைக் கற்றுக் கொடுத்தார். நாகேந்திர பிரசாத் வளர்த்த சோவாபஜார் கழகம் 1892-இல் வணிகர் கோப்பைப் போட்டியில் ஓர் ஆங்கிலப் படைப்பிரிவின் அணியை வென்றது.

அந்நாளில் புனித சேவியர் கல்லூரியில் பயின்ற நார்மன் பிரிச்சர்டு, கல்கத்தாவில் பிறந்த ஆங்கிலேயர். அவர் 1894 முதல் 1900 வரை தொடர்ந்து ஏழு ஆண்டுகள் வங்காள மாகாணத்தின் 100 கெஜ ஓட்டத்தில் முதலிடம் பெற்றார். 1900-ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில் 200 மீட்டர் ஓட்டத்திலும் 200 மீட்டர் தடை ஓட்டத்திலும் வெள்ளிப் பதக்கங்களை வென்றார். அனைத்துலக ஒலிம்பிக் குழுவின் பதிவேட்டில் அவை இந்தியாவின் பெயரிலேயே உள்ளன.

1889-இல் தோன்றிய மோகன் பாகன் கழகத்தின் தொடக்க வரலாற்றிலும் மாணவர்க்கு இடமுண்டு. அதன் முதல் ஆட்டம் மாநிலக் கல்லூரி மாணவர் தங்கியிருந்த ஈடன் இந்து விடுதி அணியுடன் நடைபெற்றது. 1911-ஆம் ஆண்டு ஜூலை 29-ஆம் நாள் இந்தியக் கால்பந்துச் சங்கக் கேடயத்தின் இறுதி ஆட்டத்தில் அக்கழகம் கிழக்கு யார்க்ஷயர் படைப்பிரிவை 2-1 என்ற கணக்கில் வென்றது. எதிரணி முதலில் ஒரு கோல் அடித்தது. அணித் தலைவர் சிவதாஸ் பாதுரி அதைச் சமன் செய்தார். ஆட்டம் முடியும் தறுவாயில் அபிலாஷ் கோஷ் வெற்றிக் கோலை அடித்தார். பதினொருவருள் பதின்மர் வெறுங்காலுடன் ஆடினர். காலணி அணிந்து ஆடிய ஒருவர், ஆசிரியப் பணி புரிந்த சுதீர் சட்டர்ஜி. ஆட்டத்தைக் காண இயலாமல் தொலைவில் நின்ற பெருங்கூட்டத்துக்குப் பட்டங்களைப் பறக்கவிட்டுக் கோல் கணக்கு அறிவிக்கப்பட்டது. வங்கப் பிரிவினையின் வடு ஆறாதிருந்த அந்நாளில், இது வெறும் ஆட்டத்தின் வெற்றியாகக் கருதப்படவில்லை. அவ்வாண்டு டிசம்பரில் பிரிவினை நீக்கப்பட்டது. தலைநகரம் டெல்லிக்கு மாற்றப்படுவதாகவும் அறிவிக்கப்பட்டது.

விடுதியும் மெஸ்ஸும்

வெற்றி பெற்ற பதினொருவரைப் பற்றிப் பேசுவது எளிது. ஏனைய ஆயிரக்கணக்கான மாணவரின் அன்றாட வாழ்வு எவ்வாறு இருந்தது? மாவட்டங்களிலிருந்தும் பீகார், ஒரிசா பகுதிகளிலிருந்தும் கல்கத்தாவுக்கு வந்த மாணவர்களுள் சிலருக்கே நல்ல விடுதியில் இடம் கிடைத்தது. பின்னாளில் குடியரசின் முதல் தலைவரான இராஜேந்திர பிரசாத் அவர்களுள் ஒருவர். 1902-இல் கல்கத்தாப் பல்கலைக் கழக நுழைவுத் தேர்வில் முதலிடம் பெற்ற அவர், ஈடன் இந்து விடுதியில் தங்கி மாநிலக் கல்லூரியில் பயின்றார். 1906-இல் பீகார் மாணவர் மாநாட்டை உருவாக்கியதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. ஊர்விட்டு வந்து ஒரே கூரையின்கீழ் தங்கிய மாணவரிடையே பொது வாழ்வு முளைவிட்டதற்கு இது சான்று.

விடுதி கிடைக்காதவர் பலர் ஒன்றுசேர்ந்து வாடகைக்கு வீடெடுத்து, சமையற்காரர் ஒருவரை அமர்த்தி, செலவைப் பங்கிட்டுக் கொண்டனர். இவையே மெஸ் எனப்பட்டன. காற்றோட்டம் குறைந்த அறை, சத்துக் குறைந்த உணவு, இரவெல்லாம் விளக்கடியில் மனப்பாடம் என்று பலர் காலம் கழித்தனர். உடலை வளர்க்கும் பருவம் உடலைத் தேய்க்கும் பருவமாக மாறியது.

இந்நிலையை அரசு ஆவணத்தில் விரிவாகப் பதிவு செய்தது, மைக்கேல் சாட்லர் தலைமையில் 1917-இல் அமைக்கப்பட்ட கல்கத்தாப் பல்கலைக் கழகக் குழுவாகும். அசுதோஷ் முகர்ஜியும் அலிகாரைச் சேர்ந்த ஜியாவுதீன் அகமதும் அதன் உறுப்பினராக இருந்தனர். அப்போது கல்கத்தாப் பல்கலைக் கழகத்தில் ஏறத்தாழ 26,000 மாணவர் பயின்றனர். 1919-இல் அளித்த அறிக்கையில் மாணவரின் உறைவிடம், உணவு, உடல்நலம் ஆகியவற்றைக் கல்வியின் பகுதியாகவே அக்குழு ஆராய்ந்தது. பல்கலைக் கழகத்துக்கு உடற்பயிற்சி இயக்குநர் ஒருவர் வேண்டும் என்றும், அவர் பேராசிரியருக்கு நிகரான தகுதி பெற்றிருக்க வேண்டும் என்றும், மாணவர் நலத்துக்கெனத் தனிக் குழு வேண்டும் என்றும் அது பரிந்துரைத்தது. உடலைப் பயிற்றுவிப்பவர் மொழியையும் கணிதத்தையும் கற்பிப்பவருக்குத் தாழ்ந்தவரல்லர் என்ற இக்கருத்து, நூறாண்டுகளுக்கு முன் அரசு அறிக்கையிலேயே இடம்பெற்றது என்பதைக் கல்வி அலுவலர்கள் மனத்தில் கொள்ளலாம்.

உடலுறுதியும் விடுதலை வேட்கையும்

கல்லூரி தராததை மாணவர் வெளியே தேடினர். 1902-இல் கல்கத்தாவில் சதீஷ் சந்திர பாசு என்ற இளைஞரின் முயற்சியால் அனுசீலன் சமிதி தொடங்கியது. அதன் தொடக்கப் பணி உடற்பயிற்சியும் கம்பு வீச்சும் மல்யுத்தமுமே. 1905-இல் வங்கம் பிரிக்கப்பட்டபோது சுதேசி இயக்கத்தில் மாணவர் திரளாகப் பங்கு கொண்டனர். அவர்களைத் தடுக்காத கல்லூரிகளுக்கு மானியமும் உதவித்தொகையும் நிறுத்தப்படும் என்று எச்சரிக்கும் கார்லைல் சுற்றறிக்கை அக்டோபரில் வந்தது. அதற்கு விடையாகத் தேசியக் கல்வி இயக்கம் எழுந்தது. வங்காள தேசியக் கல்லூரி 1906-இல் அரவிந்தரை முதல்வராகக் கொண்டு தோன்றியது. உடற்பயிற்சிக் கூடங்கள் அரசியல் களங்களாக மாறின. அரசும் அவற்றை ஐயத்துடன் நோக்கியது.

சுபாஷ் சந்திர போஸின் மாணவ வாழ்வும் இதே காலத்தது. 1913-இல் மாநிலக் கல்லூரியில் சேர்ந்த அவர், பேராசிரியர் ஒருவர் தாக்கப்பட்ட நிகழ்ச்சியை ஒட்டி 1916-இல் வெளியேற்றப்பட்டார். பின்னர் படையில் சேர முயன்றபோது கண்பார்வைக் குறைவால் ஏற்கப்படவில்லை. 1917-இல் ஸ்காட்டிஷ் சர்ச் கல்லூரியில் சேர்ந்தபின், பல்கலைக் கழக மாணவர்க்கென அமைந்த பாதுகாப்புப் படைப் பிரிவில் பயிற்சி பெற்றார். முகாம் வாழ்வும் அணிவகுப்பும் துப்பாக்கிப் பயிற்சியும் தத்துவ மாணவரான அவருக்கு மகிழ்ச்சியையும் தன்னம்பிக்கையையும் தந்தன. அப்பிரிவுகளின் வழிவந்ததே 1948-இல் சட்டத்தின் வாயிலாக உருவான தேசிய மாணவர் படை.

பயிற்றுவிப்போர் தேவை

ஆர்வம் இருந்தது, முறையாகப் பயிற்றுவிப்போர் இல்லை. பல கல்லூரிகளில் ஓய்வு பெற்ற படைவீரர் ஒருவர் அணிவகுப்புச் சொல்லிக் கொடுப்பதே உடற்பயிற்சியாக இருந்தது. இக்குறையை நீக்கும் வகையில் அமெரிக்கரான ஹாரி குரோ பக் 1920-இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். அங்குப் பயின்றவர்கள் பல மாகாணங்களிலும் உடற்பயிற்சி ஆசிரியர்களாயினர். 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் இந்திய அணியுடன் சென்று வழிநடத்தியவரும் பக்கே.

மேற்கிந்தியாவில் இம்முயற்சிக்குத் துணை நின்றவர் சர் தோராப்ஜி டாட்டா. 1919-இல் பூனாவில் தக்காண ஜிம்கானாவின் போட்டிகளைக் கண்ட அவர், வெறுங்காலுடன் ஓடிய வீரர்களின் திறத்தை உணர்ந்தார். அடுத்த ஆண்டு ஆண்ட்வெர்ப் ஒலிம்பிக்கிற்குத் தடகள வீரர் நால்வரும் மல்யுத்த வீரர் இருவரும் அனுப்பப்பட்டனர். 1927-இல் இந்திய ஒலிம்பிக் சங்கம் உருவானபோது அவரே அதன் முதல் தலைவர். அச்சங்கத்தின் தொடக்கப் பணியில் பங்கு கொண்ட ஜி. டி. சோந்தி, லாகூர் அரசினர் கல்லூரியின் ஆசிரியர்; பின்னர் அதன் முதல்வராகவும் விளங்கினார். 1951 மார்ச்சில் 11 நாடுகள் பங்கேற்க டெல்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டுப் போட்டிக்கு மூளையாக இருந்தவர் அவரே. கல்லூரித் திடலில் மாணவருடன் நின்ற ஆசிரியர் ஒருவர், ஒரு கண்டத்தின் நாடுகளையே திடலுக்கு அழைத்து வந்தார்.

எல்லைக்கோட்டுக்கு வெளியே நின்றோர்

இவ்வளவும் பெருமைக்குரியவை. ஆயினும் அத்திடல் எல்லார்க்கும் திறந்திருக்கவில்லை என்பதை மறைத்தல் ஆகாது.

தாழ்த்தப்பட்ட வகுப்பில் பிறந்த பல்வங்கர் பாலு கல்லூரி மாணவராகத் திடலுக்கு வந்தவரல்லர். பூனாவில் ஐரோப்பியர் கழகத்தில் திடலைப் பராமரிக்கும் பணியாளாக இருந்து, வலைப்பயிற்சியில் பந்து வீசித் தேர்ச்சி பெற்றவர். அவர் திறமையை நாடிய அணியினர், தேநீர் இடைவேளையில் அவருக்குத் தனிக் குவளையில், கூடாரத்துக்கு வெளியே தேநீர் கொடுத்தனர். 1911-இல் இங்கிலாந்து சென்ற முதல் இந்திய அணியில் அவர் 114 விக்கெட்டுகளை வீழ்த்தினார். எனினும் இந்துக்கள் அணியின் தலைமை அவருக்குக் கிடைக்கவேயில்லை. அவர் தம்பி விட்டலுக்கே 1923-இல் அது கிட்டியது. அதே பூனாவில் சமஸ்கிருதப் பேராசிரியராக இருந்த டி. பி. தேவதரும் கிரிக்கெட்டில் புகழ் பெற்றார். திறமையில் இருவரும் உயர்ந்தோரே. ஒருவர் கல்லூரி வாயிலாகத் திடலுக்குள் நுழைந்தார். மற்றவர் திடலைச் சமன் செய்யும் உருளையை இழுத்துக்கொண்டு நுழைய வேண்டியிருந்தது.

வாய்ப்புக் கிடைத்தால் என்ன நிகழும் என்பதற்கு ஜெய்பால் சிங் முண்டா எடுத்துக்காட்டு. ராஞ்சிக்கு அருகே பழங்குடிக் குடும்பத்தில் பிறந்த அவர், ராஞ்சி புனித பால் பள்ளியில் பயின்று, ஆக்ஸ்போர்டில் புனித ஜான் கல்லூரியை அடைந்து, ஹாக்கியில் அப்பல்கலைக் கழகத்தின் 'புளூ' சிறப்பைப் பெற்றார். 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற இந்திய ஹாக்கி அணிக்கு அவரே தலைவர். ஐ.சி.எஸ். பயிற்சியில் இருந்த அவருக்கு விடுப்பு மறுக்கப்பட்டது. பதவியை விட ஆட்டத்தையே அவர் தேர்ந்தெடுத்தார். ஐந்து ஆட்டங்களில் 29 கோல்கள் அடித்த அவ்வணி ஒரு கோலையும் விட்டுக் கொடுக்கவில்லை. 1946-இல் அரசியல் நிர்ணய சபையில் பழங்குடி மக்களின் குரலாக ஒலித்தவரும் அவரே.

பெண்களின் நிலை இன்னும் பின்தங்கியது. கல்கத்தாவின் பெத்தூன் நிறுவனத்தில் பயின்ற காதம்பினி பாசுவும் சந்திரமுகி பாசுவும் 1883-லேயே பட்டம் பெற்றனர். எனினும் பட்டமளிப்பு மண்டபம் வரை வந்த பெண்ணுக்குத் திடல்வரை வர வழி விடப்படவில்லை. இந்தியப் பெண்கள் ஒலிம்பிக் தடகளத்தில் ஓடியது 1952-இல் ஹெல்சிங்கியில்தான். நீலிமா கோஷ், மேரி டிசௌசா ஆகிய இருவரும் அப்பெருமைக்குரியோர். பிரிச்சர்டு ஓடிய நாளிலிருந்து அந்நாள்வரை ஐம்பத்திரண்டு ஆண்டுகள் கடந்திருந்தன.

நிறைவேற வேண்டிய கடமை

விடுதலைக்குப் பின் இக்கடன்களைத் தீர்க்கும் முயற்சிகள் பல மேற்கொள்ளப்பட்டன. டாக்டர் இராதாகிருஷ்ணன் தலைமையில் 1948-49-இல் பணியாற்றிய பல்கலைக் கழகக் கல்விக் குழு, உடல் தகுதியற்றவரும் தேசிய மாணவர் படையில் உள்ளவரும் நீங்கலாக, ஆண், பெண் இருபால் மாணவர்க்கும் இரண்டாண்டு உடற்கல்வி வேண்டும் என்றது. 1957-இல் குவாலியரில் இலட்சுமிபாய் உடற்கல்விக் கல்லூரி நிறுவப்பட்டது. 1961-இல் பாட்டியாலாவில் தேசிய விளையாட்டு நிறுவனம் தோன்றியது. 2020-இல் புவனேசுவரத்தில் முதல் 'கேலோ இந்தியா' பல்கலைக் கழகப் போட்டிகள் நடைபெற்றன. அவ்வாண்டு வெளியான தேசியக் கல்விக் கொள்கை, பாடம் என்றும் பாடத்துக்கு அப்பாற்பட்டது என்றும் கடுமையாகப் பிரித்தல் கூடாது என்று கூறுகிறது.

ஆயினும் போட்டி நடத்துதல் வேறு, மாணவர் அனைவரையும் ஆட வைத்தல் வேறு. 2021-22 கணக்கெடுப்பின்படி நாட்டின் உயர்கல்வியில் பயின்றோர் ஏறத்தாழ 4.33 கோடிப் பேர். சாட்லர் குழு 26,000 மாணவரைப் பற்றிக் கவலை கொண்டது. இன்றைய பொறுப்பு அதைப்போல் ஆயிரம் மடங்குக்கும் மேற்பட்டது. ஒரு கல்லூரியின் விளையாட்டுத் தரத்தை அது வென்ற கோப்பைகளைக் கொண்டு மட்டும் அளப்பது அந்நாளைய பழக்கம். அணியில் இடம்பெற்ற பதினொருவர் ஆட, ஏனையோர் கைதட்டிக் கலைந்தனர். அவ்வளவுகோல் மாற வேண்டும்.

புதிய கல்லூரிக்கு ஒப்புதல் அளிக்கும் அலுவலர், கட்டடத்தின் பரப்பைக் கேட்பதுபோல் திடலின் பரப்பையும் கேட்கலாம். விடுதியின் படுக்கைகளை எண்ணுபவர், உணவின் சத்தையும் பார்க்கலாம். உடற்கல்வி ஆசிரியரின் பதவி காலியாகக் கிடக்கும்போது, அதைக் கணிதப் பேராசிரியரின் பதவி காலியாகக் கிடப்பதற்கு ஒப்பாகக் கருதலாம். மாலையில் வீட்டுப் பணிக்குத் திரும்ப வேண்டிய மாணவிக்கும், தொலைவிலிருந்து பேருந்தில் வரும் கிராமத்து மாணவருக்கும் ஏற்றவாறு விளையாட்டு நேரத்தைப் பகலிலேயே அமைக்கலாம். இவற்றுள் பலவற்றுக்குப் பெருநிதி தேவையில்லை. விளையாட்டு கல்வியின் பகுதியே என்ற உறுதிதான் தேவை.

மாணவர்க்கும் இதில் பங்குண்டு. ஹேர் பள்ளி மாணவர்கள் எந்த ஆணைக்கும் காத்திராமல் மைதானத்தில் இறங்கினர். திடலில் இறங்காத தோழனை, ஒதுங்கி நிற்கும் தோழியை ஆட்டத்துக்கு அழைத்து வருவது இன்றைய மாணவரால் இயலும். முதல் முப்பது ஆண்டுகளின் மாணவர் வெறுங்காலுடன் ஆடியும் வெல்ல முடியும் என்பதை நாட்டுக்குக் காட்டினர். எல்லைக்கோட்டுக்கு வெளியே எவரும் நிற்க வேண்டியதில்லை என்பதைக் காட்டும் பொறுப்பு இத்தலைமுறையினருடையது.